பனி ஏரியில் என் பாடு

போன மாதம் நான் ஒரு பெரிய தியாகம் செய்தேன். பொய்த் தியாகம்தான். ஆனாலும் பார்க்கிறவர்கள் கண் கலங்கும்படி செய்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. என் மனைவி ஆர்த்தி பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் புதியது வந்ததும் பழையது வீட்டுக்கு வந்தது. பொழுது சாய்ந்தால் அதில் நான் மீன் பிடிப்பேன்.

மீன் என்றதும் எங்கள் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏரியில் மீன் பிடிப்பது என் தொழில். லேப்டாப்பில் மீன் பிடிப்பது என் ஓய்வு. ஸ்டீம் என்று ஒரு கடை. கதவு, ஷட்டர் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே கேம் விற்கிற கடை. அங்கே வாங்கினது. பனிமலைக்கு நடுவே ஓர் ஏரி. கம்பளிக் குல்லா போட்ட ஒருத்தன் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன்தான் நான். பகலெல்லாம் வெயிலில் கருவாடாகிவிட்டு வந்து அந்தப் பனியைப் பார்த்தால் எனக்குக் காதுமடல் சில்லென்று ஆகிவிடும்.

ஆர்த்திக்கு இந்த சுகம் புரிவதில்லை.

"யோவ், காலம்பறயும் மீனு, சாயங்காலமும் மீனா?"

"இது வேற மீனு ஆர்த்தி."

"ஏரில புடிச்சா கொழம்பாவது ஆவும். இது இன்னா ஆவும்?"

"மனசுக்கு நிம்மதி ஆவும்."

"தோ, புடிச்சதைத் திரும்பத் தண்ணிலயே உட்றியே! லூசாயா நீ?"

"அந்த ஊர்ல அதான் மரியாதை."

"அந்த மரியாதையை நம்ம ஏரில காட்டிட்டு வெறும் கூடையோட வந்தே, ஊட்டுக்குள்ள உடமாட்டேன்."

இப்படிச் சிரித்துப் பேசி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு நாள் அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல கீற விண்டோஸ் பழசாய்டுச்சி. புதுசு இந்த மிஷினுக்கு ஏறாது. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்றப் போறேன்."

ஆர்த்தி பொன்னேரி காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். இந்த விஷயங்களில் அவள் சொன்னால் நான் தலையாட்டுவேன். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு ஆட்டுகிற தலைக்குள் ஒரு திட்டம் முளைத்தது.

காரணம், எங்கள் பக்கத்து வீட்டு ஆபிரகாம் அண்ணன். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இரண்டு வாரம் முன்னாடிதான் அவர் சொல்லியிருந்தார்.

"உதயா, முன்னல்லாம் லினக்ஸ்னா கேம் ஓடாது. இப்ப அப்டி இல்ல. ஸ்டீம்காரனே புரோட்டான்னு ஒண்ணு வச்சிருக்கான். கேமு விண்டோஸ் பாஷையில பேசுமா? அதை லினக்ஸுக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்றதுக்கு ஒரு ஆளு, அவ்ளோதான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சுண்ணாம்புக்குளத்தில் என் மாமியார் எல்லம்மா பேசுவது தெலுங்கு. எனக்குத் தெலுங்கு அரைகுறை. நடுவில் ஆர்த்திதான் மாற்றிச் சொல்வாள். மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னையும் என் பரம்பரையையும் தொட்டு மூச்சு விடாமல் ஏதோ பேசுவார். முடித்ததும் ஆர்த்தி, "நல்லா கீறியானு கேக்குறாங்க" என்பாள். ஆக, எங்கள் குடும்பம் இத்தனை வருஷமாக ஓடுவதே புரோட்டானில்தான்.

மாமியார் ஊரில் அடுத்த வாரம் கங்கையம்மன் திருவிழா. திருவிழா என்றால் மற்ற மாப்பிள்ளைகளுக்கு விருந்து. எனக்கு வேலை. போன வருஷம் கூரைக்கு ஓலை மாற்றினேன். அதற்கு முந்தின வருஷம் ஆட்டுக்கொட்டகை கட்டினேன். இந்த வருஷம் தோட்டத்து வேலி சாய்ந்து கிடப்பதாகப் போனில் தகவல் வந்திருந்தது. அதே வாரம் எனக்கு ஏரியிலும் வேலை கிடையாது. எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஒரு கூட்டம் வலை போட்டால் அடுத்த கூட்டம் தன் முறை வரும்வரை கரையில் இருக்க வேண்டும். எங்கள் பாடு வர நாளிருந்தது. அந்த நாட்களை வேலிக்குக் கொடுப்பதா, பனி ஏரிக்குக் கொடுப்பதா?

"லினக்ஸ் போட்டா உன் கேமு?" என்று ஆர்த்தி கேட்டாள்.

நான் நெடுமூச்சு விட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூக்கை உறிஞ்சினேன்.

"லினக்ஸ்ல கேமு ஓடாது ஆர்த்தி. பரவால்ல. எனக்குக் குடும்பம்தான் முக்கியம்."

"நெசமாவாயா? எனக்காகவா?"

"உனக்காக இதைக்கூட உடலன்னா நான் இன்னா புருசன்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் மடவை மீன் குழம்பு. ராத்திரிக்கு நண்டு. மறுநாள் இறால் தொக்கு. தியாகிகளை இந்த நாடு கவனிப்பதில்லை என்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், இறாலை மென்றுகொண்டே விஷயத்துக்கு வந்தேன்.

"ஆர்த்தி, கேமு இல்லாம மனசு ஒரு மாதிரி கீது. உங்க அம்மா ஊட்டுக்கு வந்து மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு கெடந்தா நல்லாவா இருக்கும்? நீ போய்ட்டு வா. நான் இங்கயே இருந்து வலையைத் தெச்சி வச்சிட்றேன்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"பாவம் மாமா நீ. உன் மனசு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஆர்த்தி என்னை எப்போதும் 'யோவ்' என்றுதான் கூப்பிடுவாள். 'மாமா' என்று கூப்பிட்டதுமே நான் வீட்டைவிட்டு ஓடியிருக்க வேண்டும். இறால் வாயில் இருந்ததால் புத்தி வேலை செய்யவில்லை.

அவள் பஸ் ஏறின புழுதி அடங்கவில்லை, அவள் லினக்ஸ் ஏற்றி வைத்துவிட்டுப் போன லேப்டாப்பை நான் திறந்துவிட்டேன். ஸ்டீமை இறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. லினக்ஸ் அப்படித்தான், எதைத் தொட்டாலும் வாட்ச்மேன் மாதிரி 'யாருப்பா அது' என்று கேட்கும். ஆர்த்திக்குப் போன் போட்டேன்.

"கரண்டு பில்லு பாக்கணும். பாஸ்வேர்டு இன்னா?"

"எங்கம்மா பேருதான் மாமா."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். மனைவி புருஷன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை எண்ணி ஒரு நிமிஷம் வெட்கப்பட்டேன். பிறகு மாமியாரின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி உள்ளே போனேன்.

ஸ்டீம் வந்தது. என் கணக்கைத் திறந்தேன். உடனே இங்கிலீஷில் நீளமாக ஏதோ வந்து நின்றது. 'ஃபேமிலி' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. குடும்பம் நல்ல விஷயம்தானே என்று 'சரி' பொத்தானை அமுக்கினேன். அந்த நீள விஷயம் மரியாதையாக விலகிப் போனது.

பிறகு பனி. ஆகா! அதே ஏரி. அதே குல்லா. லினக்ஸில் விளையாடுகிறோம் என்ற நினைப்பே வரவில்லை. முதல் மீன் மாட்டியது. திருப்பி விட்டேன். இரண்டாவது மாட்டியது. விட்டேன். கேட்க ஆளில்லை. வேலியாவது, ஆடாவது! காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் பொரித்த நெத்திலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் அப்படியே. சாயங்காலம் இதுவரை பார்க்காத பெரிய மீன் ஒன்று தூண்டிலில் மாட்டி அதை வில்லாக வளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. ஆர்த்தி.

"மாமா, இன்னா பண்றே?"

"வலை தெச்சிக்கினு கீறேன்."

"ரொம்ப நேரமாவா?"

"ஆமா. கை விட்டுப் போவுது."

"அய்யய்யோ. போதும் மாமா, நிறுத்திக்க."

போனை வைத்தாள். வைத்த அதே நொடி பனி மறைந்தது. ஏரி மறைந்தது. தூண்டிலில் துள்ளிக்கொண்டிருந்த மீன் மறைந்தது. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம். எதைத் தட்டினாலும் அதே வாக்கியம்.

லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஆபிரகாம் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார். மீசை துடித்தது.

"இன்னாண்ணே, வைரஸா?"

"இல்லடா. 'இன்னிக்கு உன் ஆட்ட நேரம் முடிஞ்சிது, இன்னும் வேணும்னா உங்க ஊட்டுப் பெரியவங்களைக் கேளு'னு போட்டிருக்குது."

"எங்க அப்பா போய்ச் சேர்ந்து எத்தினி வருசம் ஆச்சு! யாரைக் கேக்கறது?"

"அந்தப் பெரியவங்க இல்ல. ஸ்டீம்ல குடும்பம்னு ஒண்ணு கீது. அதுல நீ சேந்திருக்கே. அதுல பெரியவங்கனு ஒரு பேர்தான் கீது. ஆர்த்தி."

"அப்ப நான்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொழந்தை."

எனக்கு வயது நாற்பத்தொன்று. காது ஓரம் நரைத்துவிட்டது. ஏரியில் என் குரலுக்கு நாலு படகு திரும்பும்.

"எவ்ளோ நேரம் ஆடலாம், எதை ஆடலாம்னு எல்லாம் அவங்க போன்லயே பாத்துக்குவாங்க. நீ இப்ப இன்னா ஆட்றேன்னுகூடத் தெரியும்" என்றார் அண்ணன்.

"பெரிய மீன் ஒண்ணு மாட்டியிருந்துச்சிண்ணே."

"அதுவும் தெரிஞ்சிருக்கும்."

எனக்குப் புரட்சி வந்தது.

"இந்தக் கடையே வாணாம். வேற கடைல வாங்கி ஆட்றேன்."

"வேற கடை கீது. ஆனா லினக்ஸுக்குப் பாதை போட்டுக் கூப்ட்றவன் இவன்தான். மத்தவங்களோடதை ஓட்டணும்னா சுத்து வழி கீதாம்."

"எப்டி?"

"ஆர்த்தியைத்தான் கேக்கணும்."

"இன்னாண்ணே அநியாயம்! நம்ம கரைல நண்டு எடுக்க நாலு கம்பெனி வண்டி நிக்குது. ஒருத்தன் மொறைச்சா இன்னொருத்தன்கிட்ட போறோம். இதுக்கு மட்டும் ஒரே கடையா?"

"ஜனமெல்லாம் அங்கதானே நிக்குது. உன் கேமு, உன் தூண்டி, உன் குல்லா எல்லாம் அவன் கடைக்குள்ளதான் கீது. தூக்கிக்கினு வேற கடைக்குப் போ முடியாது."

"நான் வாங்குனதாச்சே?"

"வாங்குனது உன்னுதுதான். ஆனா அங்க இருந்தாதான் உன்னுது."

யோசித்துப் பார்த்தேன். கல்யாணமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. அதில் நான் குறை சொல்லிக்கொண்டா இருக்கிறேன்?

திரையில் 'கேள்' என்று ஒரு பொத்தான் இருப்பதாக அண்ணன் காட்டினார். அமுக்கினேன். உடனே போன் வந்தது.

"இன்னாயா, கேமு வேணுமா?"

மாமா போய் யோவ் திரும்பி வந்திருந்தது.

"ஆர்த்தி... நீ எப்டி..."

"லினக்ஸைப் போட்டதே நானு. அதுல இன்னா ஓடும், இன்னா ஓடாதுனு எனக்குத் தெரியாதா? 'ஓடாது'னு நீ மூக்கை உறிஞ்சினியே, சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வச்சி வாயைப் பொத்திக்கினேன்."

"நீ அழுதேனு நெனைச்சேன்."

"சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துச்சி. அன்னிக்கே ஸ்டீம்ல எனக்கு ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். உனக்குக் குடும்ப அழைப்பு அனுப்பினேன். நீயேதானே 'சரி'னு அமுக்கினே?"

"அப்ப அந்த நண்டு, இறாலு?"

"எவ்ளோ தூரம் போறேனு பாக்கலாம்னுதான். வலை தெய்க்கிறேன்ற வரைக்கும் போய்ட்டே."

"சரி. இப்ப இன்னா பண்ணணும்?"

"லேப்டாப்பை எடுத்துக்கினு சுண்ணாம்புக்குளம் வா. இங்க வந்தா திறந்து உட்றேன்."

மறுநாள் காலை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மாமியார் வாசலிலேயே நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தார். திருவிழா மேளத்தையும் மீறிக் கேட்டது. முடிந்ததும் நான் ஆர்த்தியைப் பார்த்தேன்.

"கம்பி அந்த மூலைல கீதுனு சொல்றாங்க" என்றாள்.

வேலி கட்டினேன். ஆட்கள் வைத்துக் கட்டினால்கூட அவ்வளவு ஒழுங்காக வராது. நடுவில் ஆர்த்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முள் கிழித்த கையைப் பார்த்து உச்சுக் கொட்டி மஞ்சள் வைத்தாள். மத்தியானம் மாமியார் தன் கையால் நண்டு உடைத்து என் இலையில் வைத்தார். பொய் சொல்லி வாங்கின நண்டைவிட இது ருசியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு என் பனி ஏரியைத் தேடி உள்ளே போனேன். லேப்டாப் முன்னால் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் என் குல்லாக்காரன் தூண்டிலோடு போராடிக்கொண்டிருந்தான். ஆர்த்தி பக்கத்தில் இருந்து எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். என் மாமியார், வெறும் கையால் நண்டு பிடித்துப் பழகினவர், ஒரே இழுப்பில் இழுத்தார். நான் முந்தின நாள் தவறவிட்ட அளவுக்குப் பெரிய மீன் கரைக்கு வந்து விழுந்தது.

"தண்ணில உட்டுடுங்க அத்தை, அதான் மரியாதை" என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"உன் கேமுதான்யா. குடும்பமாச்சே, பகிர்ந்து ஆடலாமாம்" என்றாள் ஆர்த்தி. "ஆனா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஆட முடியும். அதனால நம்ம ஏரில மாதிரி பாடு வச்சிக்கலாம். மொத பாடு அம்மா. அடுத்த பாடு நானு."

"என் பாடு?"

"நாளைக்கு. பின்பக்க வேலி முடிஞ்சதும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, சொந்த ஏரியில் மூன்றாம் பாடு!

"எனக்கு இந்தக் குடும்பமே வாணாம். ஸ்டீம் குடும்பத்தைச் சொல்றேன். நான் தனியாவே ஆடிக்கிறேன். எங்க அமுக்கினா வெளிய வர்லாம்? சொல்லு."

ஆர்த்தி போனை எடுத்தாள். பொறுமையாகத் தேடினாள். கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பிறகு ஒரு தட்டில் அதிரசத்தை வைத்து என் பக்கமாக நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"கொழந்தைங்க தானா குடும்பத்தை உட்டு வெளிய போ முடியாதாம்யா."