நூற்றுக்கு நூறு வாங்கிய நாடு

ஏழு கடல் தாண்டிப் போக வேண்டாம். நம் மேற்கு மலையை ஏறி இறங்கினாலே வெண்புரி வந்துவிடும். அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு நாள் திடீரென்று சுத்தத்தின் மேல் ஆசை வந்தது. தூய்மை மந்திரி அகளங்கர் உடனே நாடெங்கும் வெள்ளையடித்தார், சுவர் தவறாமல் ராஜாவின் படத்தை வரைந்தார், ஐந்து ஆண்டுகள் முரசு கொட்டினார். பிறகு, இயக்கம் வென்றதா என்று மதிப்பிட ஒரு குழு போட்டார்.

குழுத் தலைவர் பரிபூரணர் நிறையப் படித்தவர். அழுக்கை அளப்பது அவருக்குச் சரிப்படவில்லை.

"அழுக்கு நாறும். எண்ணிக்கைக்கும் அடங்காது. ஆகவே அதை அள்ளுகிறவர்களை எண்ணுவோம். அள்ள ஆள் இருந்தால் அழுக்கு இருக்கிறது என்று பொருள். தலைக்கு ஒரு மதிப்பெண் குறைப்போம்" என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

தலைநகரில் மலக்குழி அள்ளும் குடும்பங்கள் நாற்பது. அதில் ஒன்று காத்தாயியுடையது. புருஷன் சடையன் குழிக்குள் இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை அவள் மேலே பிடித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. சாயங்காலம் அவன் குளித்துவிட்டுச் சோற்றுக்கு வந்து உட்காரும்வரை அவளுக்கு உயிர் உடம்பில் இருக்காது.

மதிப்பீட்டுக்கு ஒரு மாதம் இருக்கையில் முதல் ஆணை வந்தது. வெண்புரியில் இனி அள்ளுகிறவர் எவரும் இல்லை என்று சொல்லி, நாற்பது குடும்பங்களின் பெயரையும் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். குழிகளுக்கு ஆணை படிக்கத் தெரியாததால் அவை வழக்கம்போல நிரம்பின. எனவே கூலி நின்றதே தவிர வேலை நின்றபாடில்லை. அடுத்த ஆணையில் கையுறையும் காலணியும் போயின. இல்லாத ஆளுக்குக் கையுறை எதற்கு? மூன்றாவது ஆணையில் கயிற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மதிப்பெண் அறிவிக்கும் விழாவுக்கு முந்தைய நாள் காலை, விழா மைதானத்துப் பெரிய குழி நிரம்பி மேடைப் பக்கம் கசியத் தொடங்கியது. அகளங்கரே பல்லக்கில் வந்து இறங்கினார். சடையனைக் கூட்டி வரச் சொன்னார். காத்தாயியும் கூடவே ஓடினாள்.

"ஐயா, மூடியத் தொறந்து ஒரு பகலாச்சும் காத்தாட விடணும். சும்மா எறங்குனா விஷவாயு அடிச்சிரும். எறங்குன ஆளு மேல வரமாட்டான்" என்றாள்.

"பரிபூரணர் ஊரில் இருக்கிறார் அம்மா. ஒரு பகல் முழுவதும் மூடி திறந்து கிடந்தால், குழி இருப்பதை நாமே ஒப்புக்கொண்டதாகாதா? நாட்டின் மானம் இப்போது உன் புருஷன் கையில் இருக்கிறது."

"மானம் கெடக்கட்டும் சாமி. கயித்தையாச்சும் குடுங்க."

"கயிறு எதற்கு? குழிக்குள் யாரும் இறங்கவில்லையே" என்றார் மந்திரி, பொறுமையாக.

சடையன் வேட்டியை வரிந்து கட்டினான். "வுடு புள்ள. எறங்கலேன்னா நம்ம தெருவையே காலி பண்ணிருவானுங்க. இந்தா வந்துர்றேன்."

ஒரு வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தான். இரண்டாவது வாளி வரவில்லை.

"ஆளு உள்ள விழுந்துட்டாருய்யா! யாராச்சும் தூக்குங்கய்யா!" என்று காத்தாயி அலறினாள். சுற்றி நின்ற காவலர்கள் ஐந்து பேரும் அசையவில்லை. இல்லாத ஆளைத் தூக்க அவர்களுக்கு ஆணை இல்லை. தெருச் சனம் ஓடிவந்து அவனை மேலே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காத்தாயிக்கு அழுகைகூட வரவில்லை. அவன் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சத்தம் கேட்டுப் பரிபூரணர் வந்துவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "யார் இது?" என்றார்.

அகளங்கர் முந்திக்கொண்டார். "அயல்நாட்டான், ஐயா. திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்து நம் குழியில் விழுந்துவிட்டான்."

பரிபூரணர் அப்படியே குறித்துக்கொண்டார். அயல்நாட்டானுக்கு மதிப்பெண் குறைக்க விதி இல்லை. மறுநாள் வெண்புரி நூற்றுக்கு நூறு வாங்கியது. ராஜா தமக்குத் தாமே பொன்னாடை போர்த்திக்கொண்டார்.

அயல்நாட்டான் பெண்டாட்டியும் அயல்நாட்டுக்காரிதானே? காத்தாயி சடையனை அடக்கம் செய்த கையோடு எல்லையைப் பார்த்து நடந்தாள். மீதி முப்பத்தொன்பது குடும்பங்களும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் தங்கின.

பத்தாவது நாள் அகளங்கர் எல்லைக்கு ஓடிவந்தார். நாற்றத்தில் தூக்க ஆள் வராததால் பல்லக்கு இல்லை. குழிகள் பொங்கி, அந்தப்புரத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருந்தது.

"தாயே, எல்லோரும் திரும்பி வாருங்கள். வீடு தருகிறோம், கையுறை தருகிறோம். கயிறு எத்தனை முழம் வேண்டும், சொல்லுங்கள்!"

"ஒண்ணும் வேணாம்" என்றாள் காத்தாயி. "எங்க வீட்டுக்காரரு பேரை உங்க பதிவேட்டுல எழுதுங்க. வெண்புரிக்காரன் சடையன், வெண்புரிக் குழியில எறங்கிச் செத்தான்னு எழுதுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

"எழுதினால் தொண்ணூற்றொன்பது ஆகிவிடுமே, அம்மா."

அகளங்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

வெண்புரி இன்றைக்கும் நூற்றுக்கு நூறுதான். கொஞ்ச நாளாக நம் தெருக்களிலும் ஏதோ நாறுகிறதே என்று கேட்டால், அது வெண்புரியிலிருந்து வீசுகிற காற்று என்று நம் அதிகாரிகள் சொல்கிறார்கள்.