பதினாறு வயதுக்கு இடமில்லாத பூங்கா

தாவணகெரே,
செவ்வாய்க்கிழமை

காலனி நலச்சங்கத் தலைவரும் என் உடன்பிறந்த மூத்தவருமான சென்னவீரண்ணா அவர்களுக்கு, தம்பி குருபசப்பா வணங்கி எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதீர்கள். எழுத்தில் வந்தால்தான் சங்கம் கவனிக்கும் என்றது நீங்கள்தான்.

என் மகள் ஸ்பூர்த்தி மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வராதது உங்களுக்குத் தெரியும். சாப்பாடு பாதி, பேச்சு அதிலும் பாதி. டாக்டரம்மா, "மாத்திரையை அப்புறம் பாக்கலாம். தினம் சாயங்காலம் வெளியில அவ வயசுப் பிள்ளைங்களோட உக்காந்து பேசட்டும்" என்றார். நானும் கெஞ்சிக் கூத்தாடி, அவள் சிநேகிதி மேகனாவையும் வரவழைத்து, நேற்று நம் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் யாரும் படுக்கக் கூடாதென்று நடுநடுவே கம்பி வைத்திருக்கிறீர்களே, அதில் ஆளுக்கொரு கூண்டில் உட்கார்ந்து எப்படிப் பேசுவது? புல்லில் உட்கார்ந்தார்கள். காவலாளி கல்லப்பா விசில் ஊதினான். ஊஞ்சலுக்குப் போனால், "பன்னெண்டு வயசுக்கு மேல ஏறக் கூடாது." பாதையோரம் நின்றால், "இங்க நடக்கத்தான் செய்யணும், நிக்கக் கூடாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப பதினாறு வயசுக்கு எங்கதாம்பா இடம்?" என்றேன்.

அவன் நிஜமாகவே யோசித்துவிட்டு, "கேட்டுக்கு வெளிய சார்" என்றான்.

கோபத்தில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தேன். கம்பிக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, "மூணு பேரு கூட்டம் போடாதீங்க!" என்று மறுபடி விசில். வீடு திரும்பும்போது ஸ்பூர்த்தி, "விடுங்கப்பா, எனக்குன்னு கட்டினது அந்த ரூம் ஒண்ணுதான்" என்றாள். அண்ணா, அந்த வார்த்தை நேற்று ராத்திரி என்னைச் சோறு தின்ன விடவில்லை. கம்பிகளை எடுங்கள். ஒரு மரத்தடியையாவது அதுகளுக்கு விடுங்கள்.

அண்ணிக்கு வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி
குருபசப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரே சிரிப்பு. மேகனாவும் அவள் கூட்டி வந்தவர்களுமாக ஐந்து பெண்கள், நடுவில் ஸ்பூர்த்தி. அவள் சிரித்தது மனதில் பதியும் முன்பே, என் வாய், "இங்க என்ன கூட்டம்? எந்திரிச்சுப் போங்க!" என்று கத்திவிட்டது. போய்விட்டார்கள். அறைக் கதவும் சாத்தியாகிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் போதாது. மிளகாய் பஜ்ஜியும் மண்டக்கிப் பொரியும் வாங்கிக்கொண்டு மேகனா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கக் கிளம்புகிறேன். கல்லப்பாவை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.