மூன்றாவது வால்வு அழுகிறது

மாடியில் நிற்க இடமில்லை. படிக்கட்டிலும் ஆள். எல்லார் முதுகிலும் கிட்டார், எல்லார் முகத்திலும் பக்தி. வால்வு மாஸ்டர் தன் கையாலேயே செய்த ஆம்பிளிஃபையருக்கு இன்று உயிர் கொடுக்கப் போகிறாராம். கடையில் விற்பதெல்லாம் வெறும் சத்தப்பெட்டி. இவர் பெட்டியில் பழைய ரேடியோவில் செக்கச்செவேலென்று எரியுமே, அந்த மாதிரி மூன்று கண்ணாடி வால்வுகள், ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஒரு மகா கலைஞனின் ஆவி. ஆவிகளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

முன்வரிசையைப் பிடித்திருந்தார் ஹோட்டலில் வாசிக்கும் ஒரு கிட்டார்காரர். கொஞ்ச நாளாக அவரை யாரும் கூப்பிடுவதில்லை. குறை உங்கள் விரலில் இல்லை, பெட்டியில்தான் என்று மாஸ்டர் சொன்னது அவருக்குத் தேனாக இனித்தது. மாஸ்டரின் பெட்டி வேண்டுமென்றால் வீட்டிலிருந்து நல்ல வாத்தியம் ஒன்றை அர்ப்பணிக்க வேண்டும். முன்பே வந்து சேர்ந்தவை மேடையோரம் குவிந்து கிடந்தன. கிட்டார்காரர் கொண்டுவந்தது மனைவியின் கீபோர்டை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில்தான் அவள் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். தன் கிட்டாரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். தியாகம் என்று வந்துவிட்டால் இந்த மாதிரி ஆளுக்கு முதலில் பெண்டாட்டியின் பொருள்தான் கண்ணில் படும்.

மனைவியும் கூடவே வந்திருந்தாள். கீபோர்டை மடியைவிட்டு இறக்கவில்லை.

மாஸ்டர் வந்தார். வலது கையில் பட்டுக் கையுறை. வால்வுக்குள் எரிமலைச் சூடு, வெறுங்கையால் தொட்டால் விரல் வெந்துவிடும் என்றார். பெட்டியின் குமிழ்களைக் காட்டினார். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று எதிரொலிக்கு, பெயர் எழுதாத இன்னொன்று ஆன்மாவுக்கு. வேண்டிய அளவு ஆன்மாவைக் கூட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. திறந்தா ஆவி கலைஞ்சிடும்."

மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, தானும் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி கிட்டாரை மீட்டினார். நாலாபக்கமும் "ஆஹா" கிளம்பியது. கிட்டார்காரருக்குப் புல்லரித்தது. பக்கத்தில் மனைவி எழுந்துபோகும் சலசலப்பு கேட்டது. கீபோர்டை ஒப்படைக்கத்தான் போகிறாள், நல்ல புத்தி வந்துவிட்டது என்று மனம் குளிர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மேடைப் பக்கமிருந்து வந்தது.

"ஏங்க, இப்ப சத்தம் எப்படி இருக்கு?"

"மூணாவது வால்வு அழுவுதும்மா. அந்த ஏக்கத்தக் கேளு."

"மத்த ரெண்டும்?"

"அதுக்கு ஆறுதல் சொல்லுதுங்க."

"கண்ணத் திறந்து பாருங்க. மூணும் என் கையில இருக்கு."

திறந்தார். கத்திரிக்காய் பொறுக்கி எடுத்ததுபோல மூன்று வால்வுகளும் அவளுடைய வெறுங்கையில் இருந்தன. அவை செருகியிருந்த குழிகளில் வால்வு சூட்டில் சிவந்ததுபோல் காட்டக் குட்டிக் குட்டிச் சிவப்பு பல்புகள். மாஸ்டர் மட்டும் இன்னும் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டியும் குறையில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

"வாரம் பூரா வீட்டுல நீங்கதானே சொன்னீங்க, வால்வு சூடேறினாத்தான் சத்தம் வரும்னு? சுவிட்ச் போட்டதுமே வந்துச்சு. தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு இருந்துச்சு."

யாரோ பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசித்துப் பழகும் மலிவான ஆம்பிளிஃபையர் ஒன்று ஒளிந்திருந்தது. ஆன்மாக் குமிழிலிருந்து ஒரு ஒயர்கூட எங்கேயும் போகவில்லை.

நம்பிக்கையில்லாத கை பட்டதால் ஆவிகள் கோபித்துக்கொண்டு போய்விட்டன என்றார் மாஸ்டர். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, வால்வே இல்லாமல் பாடுகிறதே, அதுவும் அற்புதம்தானே என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல! நல்லவேளை, மற்றவர்கள் அவரவர் வாத்தியத்தைத் திருப்பிக் கேட்டு மேடைக்குப் பாய்ந்தார்கள். அந்தக் களேபரத்தில் மாஸ்டர் கையுறையைக்கூட விட்டுவிட்டு மறைந்தார்.

கிட்டார்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கீபோர்டைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உட்கார்ந்து விரலைப் பழக்கச் சொன்னாள் மனைவி. போனதும் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் கையுறையை இன்னொரு ஊரில் இன்னொருவன் மாட்டிக்கொள்வான், கூட்டமும் சேரும். அங்கே கண்ணை மூடச் சொன்னால், ஐயா, ஒரு கண்ணையாவது திறந்து வையுங்கள். மூளையை மூட நினைக்கிறவன் முதலில் கண்ணைத்தான் மூடச் சொல்வான்.