தொட்டுப்பாரு நானாவின் வெட்டு மேசை

பதுளைக் கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு வியாபாரம் செய்த ஒரே மனிதர் தொட்டுப்பாரு நானாதான். உம்மாவும் வாப்பாவும் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவருடையது துணிக்கடை. சீத்தையோ சாரமோ, கண்ணை மூடி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போடுவார். வாங்க வந்தவரும் தேய்த்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் பொட்டலம் கட்டச் சொன்னால் கோபம் வந்துவிடும். இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேக்கரிக்குப் போனால் அங்கிருக்கும் அத்தனை பாண் ரொட்டியையும் அமுக்கிப் பார்ப்பார். தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே பேக்கரிக்காரர் அலுமாரியைப் பூட்டிவிடுவார். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவர், டாக்டரின் நெற்றியைத் தொட்டு, அவருக்கும் கொஞ்சம் சூடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்ததாக ஒரு கதை உண்டு. பக்கத்துக் கடைக் கதவில் 'பெயின்ட் காயவில்லை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அன்று, நானா பச்சை விரலோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். எழுதியிருந்தது சரிதான் என்று எனக்கு உறுதிப்படுத்தினார்.

எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில் அவருடைய கடை மாடியை வாடகைக்கு எடுத்து நான் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினேன். கொழும்பில் யாரோ பாவித்துத் தள்ளிய இரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றுக்கு மௌஸ் உண்டு. ஊரில் யாரும் பார்த்திராத சாமான் என்பதால் நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன். பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்தார்கள். மலையேறிக் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை கிடைக்காதா என்ற ஆசை அவர்களுக்கு.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது நானா மாடிக்கு வந்தார். தோட்டத்துச் சனமெல்லாம் துணி எடுக்க இறங்கி வரும் காலம். கீழே கால் வைக்க இடமில்லை, மாடியைச் சாரிப் பகுதியாக்கப் போகிறேன் என்றார். டவுனில் வேறு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வகுப்பை மூடினால் என் பிழைப்பும் போச்சு, பிள்ளைகளின் படிப்பும் போச்சு. கெஞ்சினேன்.

"தொட்டுப் பார்க்காம நான் ஒரு சாமானையும் வேணாண்டு சொன்னதில்ல மாஸ்டர். அந்தப் பெட்டியக் காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படம் வரையும் புரோகிராமைத் திறந்து, திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். நானா கண்ணை மூடிக்கொண்டு மௌஸை நகர்த்தினார். அது கிழட்டு மௌஸ். ஒரு விரற்கடைக் கோட்டுக்கு ஒரு சாண் ஓட வேண்டும். கோடு பாதித் திரையைத் தாண்டும் முன்பே என் சின்ன மேசை முடிந்துவிட்டது. மேசை விளிம்பில் மௌஸைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து மறுபடி இழுக்கலாம் என்றேன்.

அவர் முகம் கறுத்துப் போனது.

"அளக்கும்போது நடுவுல கைய எடுக்கச் சொல்றீங்களா? அது கள்ள அளவு மாஸ்டர். முப்பது வருஷமா இந்தக் கை நடுவுல எழும்பினதில்ல."

துணியை ஒரே இழுப்பில் கடைசிவரை அளப்பதுதான் அவர் கடைச் சட்டம். குற்றம் மேசையின் மேல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலையில், மூட்டை தூக்கும் நாட்டாமைகள் இரண்டு பேர் மூச்சு வாங்க மாடிப்படியில் ஒரு மேசையைக் கொண்டுவந்தார்கள். கடையில் துணியை விரித்து வெட்டுகிற மேசை. சுவருக்குச் சுவர் நீளம்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, நானா மறுபடி இழுத்தார். கோடு திரையின் விளிம்பை எட்டிவிட்டது. "போதும் நானா" என்றேன். மேசை முடியாமல் எப்படிப் போதும்? அவர் நடந்துகொண்டே இருந்தார். பாதி வழியில் வயர் விறைத்து, பெட்டியின் பின்னாலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன்பிறகு திரையில் எதுவும் அசையவில்லை.

நானா அசரவில்லை. திரும்பி வந்து, திரையின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். தூசியில் நேரான கோடு ஒன்று பளிச்சென்று விழுந்தது.

"பார்த்தீங்களா மாஸ்டர், விரலுக்கு எவ்வளவு லேசா வருது."

அது தூசி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பசறைத் தோட்டத்துப் பிள்ளை ராஜேஸ்வரிதான் வயரைப் பொருத்தி, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி, மௌஸில் கை வைத்தாள். கொஞ்சம் இழுத்தாள், தூக்கினாள், பின்னால் வைத்தாள், மறுபடி இழுத்தாள்.

"கொழுந்து பறிக்கிறப்போ கைய எடுத்து எடுத்துத்தான் நானா வைக்கணும். ஒரே இழுப்பா இழுத்தா செடி போயிருங்க. எங்கம்மா கைய பார்த்திருக்கீங்களா?"

நானா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைக்குக் கிட்ட வந்து, கண்ணை மூடி, அவள் போட்ட கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். கையை எடுத்த இடத்தில் ஒட்டு இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரியவே நேரம் பிடித்தது.

"ஒட்டுத் தெரியல்ல" என்றார். நிமிர்ந்தார். "பெட்டி நல்ல சாமான். புள்ளையள் படிக்கட்டும். இந்த மௌஸ் மட்டும் கன காலத்துக்கு ஓடாது மாஸ்டர். ஒரு நாளைக்கு எல்லாம் விரலாலதான்."

மேசையை இறக்க ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள், அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மௌஸா விரலா என்ற வழக்கு எங்களுக்குள் கடைசிவரை தீரவில்லை. இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. இதை எழுதுகிற கம்ப்யூட்டரில் மௌஸ் இருக்கிறது. பக்கத்தில் கிடக்கிற போனைப் பேரப்பிள்ளை விரலால் தேய்க்கிறான். ஆளுக்குப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

போனைத் தொடும்போதெல்லாம் நானாவின் விரல் ஞாபகம் வருகிறது என்று முடித்தால் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. அந்தத் தீபாவளிக்குக் கடையில் வெட்டு மேசை இல்லை. அத்தனை சனத்துக்கும் அவர் தரையில் பாய் விரித்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து துணி அளந்தார். நான் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் மட்டும் அவசரமாக எழுந்து நின்றுகொள்வார்.