பின்னறை மீன்களுக்கு மட்டுமே

மைத்துனனை இனி வீட்டில் தங்கவிடுவதில்லை என்று சுகுமாறன் முடிவெடுத்தது ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், தனியாகக் காரில் உட்கார்ந்திருந்தபோது. ஆண்கள் பெரிய முடிவுகளையெல்லாம் இப்படித்தான் எடுக்கிறார்கள், மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவி லோகேஸ்வரியின் தம்பி யுகேந்திரன் போன தடவை "ரெண்டே நாள் மச்சான்" என்று தீபாவளிக்கு வந்தவன், தைப்பூசம் முடிந்துதான் கிளம்பினான். அதற்குள் சுகுமாறனின் துண்டு, சாய்வு நாற்காலி, கல்லிலிருந்து எடுக்கும் முதல் முறுகல் தோசை எல்லாம் கைமாறிவிட்டன. ஷா ஆலம் தொழிற்சாலையில் ஸ்டோர் முழுவதையும் ஆட்டிப் படைக்கிற மனிதர், கிள்ளானில் சொந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. இப்போது யுகேந்திரன் சுங்கை வேயில் வேலை பார்த்த வண்ணமீன் கடையை மூடிவிட்டார்களாம். அடுத்து எங்கே வருவான் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

ஆனால் பின்னறை காலியாக இருந்தால்தானே வருவான்?

"லோகா, பின்னறையில மீன் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன். நாலடி."

லோகேஸ்வரி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு மீன்னா மிளகாய்ச் சம்பல்ல கிடந்தாத்தானே பிடிக்கும்?"

"இது மனசுக்கு. பிரஷர் குறையுமாம். டாக்டரே சொல்றாங்க."

"எந்த டாக்டர்?"

"பொதுவா, டாக்டருங்க."

"நாளைக்கு யாராச்சும் வந்து தங்கணும்னா?"

"அதான் முடியாது லா. மீனுக்கு அமைதி வேணும். பக்கத்துல ஒருத்தன் குறட்டை விட்டா தண்ணி அதிரும். அதுங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்துரும்."

இப்போது நிமிர்ந்தாள். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பொய் சொல்கிறவரை நடுவில் மடக்காமல், முழுக்கச் சொல்லவிட்டுக் கேட்கும் பொறுமை அங்கே கற்றது.

"நல்ல யோசனைங்க. வைங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்தால் மூளையுள்ள கணவன் முதலில் கதவைத் தாழிட்டுக்கொண்டு யோசிப்பான். சுகுமாறன் விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

தொட்டி வந்து பின்னறைக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தது. தண்ணீர் பக்குவப்படும் வரை மீனில்லாத தொட்டியில் ஃபில்டர் மட்டும் ஓடியது. தெலுக் பங்லிமா காராங்கில் நண்பன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த யுகேந்திரன் போன் அடித்தபோது, "ரூம் இல்லையே மச்சான், மீன் வருது," என்று சொல்ல சுகுமாறனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மீன் வாங்க லோகேஸ்வரியும் கூடவே கிளம்பினாள். எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று வீடியோ பார்த்தே கண் சிவந்திருந்த சுகுமாறன், நீளத் துடுப்போடு மிதந்த ஏஞ்சலையும் விசிறி வாலோடு திரிந்த கப்பியையும் கடையில் காட்டினார்.

"அந்தக் கோடு போட்டது?"

"டைகர் பார்ப். அது கூட்டமா இருந்தா தங்களுக்குள்ளயே அடிச்சுக்கும். கொஞ்சமா விட்டா மத்த மீனைக் கடிக்குமாம். வாங்குனா கும்பலா வாங்கணும்."

"கும்பலாவா? வீட்டுக்கு எது வந்தாலும் ஜோடியா வரணுங்க. குத்துவிளக்கு ஜோடி, வாசல்ல கட்டுற வாழை மரம் ஜோடி. மீன் மட்டும் என்ன, பஸ் ஏறப் போற மாதிரி? எல்லாத்துலயும் ஒரு ஜோடி எடுங்க. அதான் மங்களம்."

மங்களம் என்ற சொல் லோகேஸ்வரி வாயிலிருந்து வந்தது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. சுகுமாறன் அதைக் கவனிக்கவில்லை. பின்னறை கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும், மங்களமாவது மண்ணாங்கட்டியாவது என்று தலையாட்டினார். நோவாவின் பேழையில் ஏற்றுவது போல ஜோடி ஜோடியாகப் பைகளில் ஏறின. கடைக்காரச் சீனர், "பாஸ், கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

கல்யாணமில்லை, கலவரம். கும்பல் இல்லாத டைகர் பார்ப் இரண்டும் வேலை வெட்டியில்லாத ரவுடிகளாகிவிட்டன. கப்பியின் வால் கந்தலானது. ஏஞ்சலின் துடுப்பு, நாய் இழுத்த வேட்டி மாதிரி தொங்கியது. சுகுமாறன் வலையை விட்டுத் துழாவினார். செடிகள் வேரோடு வந்தன, கல் வந்தது, ஏஞ்சல் இரண்டு முறை வந்தது. பார்ப் வரவில்லை. சட்டை தோள்பட்டை வரை நனைந்ததுதான் மிச்சம்.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்றாள் லோகேஸ்வரி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு. "செத்தா சாகட்டும். தொட்டியைத் தூக்கிப் போட்டுட்டா ரூமும் காலியாயிடும்."

சுகுமாறன் வலையைக் கீழே போட்டார். மீன் செத்தால் அறை காலி. காலி அறைக்கு எவன் வருவான் என்பது ஊருக்கே தெரியும். மீனைக் காப்பாற்றியே ஆக வேண்டும். காப்பாற்றத் தெரிந்தவன் அவர் அறிந்த வரையில் ஒரே ஒருவன்தான்.

"உன் தம்பியைக் கேட்டா..."

"அவனா? வேணவே வேணாம். அவன் குறட்டைக்கு ஹார்ட் அட்டாக் வந்துரும்."

"சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டுமே."

"மீனைப் பிரிச்சு வச்சு, புண்ணு ஆறி, சமாதானமாகுற வரைக்கும் கூட இருந்து பாக்கணும்னு சொல்லுவான். அப்புறம் நான்தான் தம்பியைக் கொண்டாந்து வச்சுக்கிட்டேன்னு பேச்சு வரும். எனக்கெதுக்கு?"

"ஒரு பேச்சும் வராது. நானே கூப்பிடுறேன்."

"நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு எங்கம்மாகிட்டயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"பெட்டி படுக்கையோட வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"மாட்டேன் லா. மீன் சாகப் போகுது, நீ வேற."

அவள் பெருமூச்சு விட்டாள், ஒரு பெரிய உதவியைச் செய்ய ஒப்புக்கொண்டவளைப் போல. சுகுமாறன் ஈரக் கையோடு போனை எடுத்தார்.

"மச்சான், கொஞ்சம் உதவி வேணும். நம்ம டைகர் பார்ப்..."

"கடிக்குதா மச்சான்? கடிக்கும் கடிக்கும். ஜோடியா விட்டா அப்படித்தான். கூட ஒரு கும்பலைச் சேர்த்து, ஏஞ்சலைத் தனியாப் பிரிச்சுட்டா அடங்கிடும். நான்தானே அக்காகிட்ட ஜோடியா வாங்கச் சொன்னேன்."

சுகுமாறன் திரும்பிப் பார்த்தார். லோகேஸ்வரி பின்னறைக் கட்டிலில் புது விரிப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவே?" என்றார்.

"கேட்டைத் திறங்க மச்சான். மழையில பெட்டி நனையுது."