முனீஸ் எல்போவை வென்ற படலம்

வாழ்க முனீஸ்! அடுக்கடுக்காய் விரித்த துணிமலையைக் கட்டிங் மெஷினால் ஒரே மூச்சில் பிளந்து, கடல்கடந்த குழந்தைகளின் மானம் காக்கும் கைவண்மை மிக்கோனே, வாழ்க! கழுத்திலே இஞ்ச் டேப்பை வாகைமாலையாகவும், சட்டைப்பையிலே மார்க்கிங் சாக்பீஸைக் கூர்வேலாகவும் தரித்தவனே, வாழ்க! விருதுநகர்ச் சீமையில் பிறந்து, திருப்பூர் பனியன் கம்பெனியொன்றின் இரவுப்படைக்குத் தளபதியாகிய உன் புகழை இதோ பாடத் தொடங்குகிறோம். இரும்புக் குழாய்களே, சற்று அதிராமல் கேளுங்கள்.

பெரும்போர்களுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள் என்பார்கள். இப்போரின் பின்னாலும் ஒருத்தி இருந்தாள்; ஆனால் அவளை யாரும் கவர்ந்து செல்லவில்லை, பகல் ஷிப்ட்தான் கொண்டுபோயிருந்தது. அவள் நாகஜோதி, முனீஸின் இல்லாள். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. இரவெல்லாம் துணி வெட்டிய நாயகன் சிவந்த கண்களோடு படியேறும்போது, நாயகி டிபன் பாக்ஸோடு படியிறங்குவாள். கதிரும் மதியும் வானில் கடந்து செல்வதுபோல் அவர்கள் மாடிப்படியில் கடந்து சென்றார்கள். காலையில் இறங்கும்போது அவளும், மாலையில் இறங்கும்போது அவனும் பொழிந்த காதல்மொழிகள் இவை:

“கொழம்பு அடுப்புல இருக்கு.”

“கேஸ் தீரப்போகுது பாத்துக்க.”

எந்நேரமும் ஒருவர் உள்ளே உறங்கிய காரணத்தால், கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பூட்டு ஒருநாளும் பூட்டப்படாமல் ஆணியிலே தொங்கித் தவமிருந்தது.

அவ்வேளையில்தான், சாயப்பட்டறை ஒன்றின் பைப்பிங் இன்ஜினியரும் கொங்குநாட்டுக் குசும்பின் கொள்கலனுமாகிய ராஜவேல் ஒரு பிரகடனம் செய்தார்: “ஞாயித்துக்கிழமை பைப்பிங் கிளாஸுக்கு வாங்க. கடைசி செய்முறைப் பரீட்சையில பாஸ் பண்றவங்களுக்கு எங்க தண்ணி சுத்திகரிக்கிற பிளாண்ட்ல வேலைங்க. ஜெனரல் ஷிப்ட்டுங்க!”

ஜெனரல் ஷிப்ட்! அச்சொல் காதில் விழுந்ததும் முனீஸின் உள்ளத்தில் முரசம் அதிர்ந்தது. பகலில் வேலை, மாலையில் வீடு, எதிரே அமர்ந்து உண்ண ஒரு மனைவி! அன்றுமுதல் ஞாயிறு உறக்கத்தைத் துறந்தான். நீராவி ஓடும் நெறியையும், சாயநீர் இறங்கும் சரிவையும், வால்வுகளின் குணபேதங்களையும், சூடேறினால் நீளும் குழாய்க்கு இடம்விடும் இங்கிதத்தையும், ஒரே தாளில் நீள அகல உயரங்களைக் காட்டும் ஐசோமெட்ரிக் வரைபடத்தின் மாயத்தையும் கசடறக் கற்றான். கற்றவன் ஒன்றை மட்டும் மறக்கத் தவறினான். அது தன் சொந்தத் தொழில்.

பரீட்சை ஞாயிறாகிய போர்நாள் புலர்ந்தது. பம்பின் வாய் ஒருபுறம், தொட்டியின் வாய் மறுபுறம். இடையே குழாய் இருமுறை திரும்ப வேண்டும். திருப்பத்துக்கு ஒன்றாக, முழங்கை மடக்கிய மல்லர்கள் போல் இரண்டு எல்போக்கள் காத்திருந்தன. ஆளுக்கு ஒரு நெடுங்குழாய்தான். அதை அளந்து வெட்டி, எல்போக்களோடு சேர்த்து, பகல் ஒரு மணிக்குள் பொருத்திக் காட்ட வேண்டும். வெட்டிக் கெடுத்தால் வேறு குழாய் கிடையாது.

இங்கேதான் விதி விளையாடியது. வரைபடத்து நீளத்திலிருந்து எல்போ விழுங்கும் நீளத்தைக் கழித்து வெட்டுவது குழாயின் அறம். உடம்பின் அளவோடு தையலுக்கென்று கொஞ்சம் கூட்டி வெட்டுவது பனியனின் அறம். கை பழகிய வழியே போயிற்று. முனீஸ் கூட்டினான்! முனைக்கு முனை தையலுக்கு விட்டு, சாக்பீஸால் கோடிழுத்து, ரம்பத்தால் அறுத்து, வெற்றிக்களிப்போடு சேர்த்துத் தூக்கிவைத்தான். ஒரு முனை பம்பின் வாயைத் தொட்டபோது, மறுமுனை தொட்டியின் வாயைத் தாண்டிப் போய்ச் சுவரை முத்தமிட்டது.

பட்டறை அதிரச் சிரிப்பெழுந்தது. பக்கத்து மேசையில் அதே பரீட்சைக்குத் தன் குழாயை அறுத்துக்கொண்டிருந்த ஜாஹித் முதல் அம்பை எய்தான்: “அண்ணே, மிச்சத்தை உள்ள மடிச்சு ஓவர்லாக் அடிச்சிருங்கண்ணே!”

ராஜவேல் இரண்டாம் அம்பை மரியாதையோடு எய்தார்: “ஏனுங்க கட்டிங் மாஸ்டர், துவைச்சாச் சுருங்கும்னு லூசா வெட்டிட்டீங்களாக்கும்?”

நாயகன் தலை கவிழ்ந்தான். மாடிப்படியும், சிவந்த கண்களும், ஆணியில் தொங்கும் பூட்டும் அவன் நெஞ்சில் வலம்வந்தன. ரம்பம் கையிலிருந்து நழுவியது.

அக்கணம், சோற்றுத் தூக்கோடு வந்த நாகஜோதி ஜன்னலுக்கு வெளியே தோன்றினாள். ஒற்றை நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கும் செக்கிங் கண்கள் குழாயை மேலும் கீழும் மேய்ந்தன.

“ஏங்க, தையலுக்கு விட்டீகளோ?”

“விட்டுட்டேன் புள்ள.”

“பெருசாத்தான இருக்கு? சிறுசாப் போயிருந்தால்ல உக்காந்து அழணும். எடுங்க, வெட்டுங்க!”

“வெளியாளுங்க பேசப்படாதுங்க, அம்மணி” என்றார் ராஜவேல்.

“நா வெளியாளு இல்லைங்க சார். செக்கிங்கு.”

இச்சொல் சங்கநாதமாய் ஒலித்தது. எழுந்தான் முனீஸ்! கூட்டியதைக் கழித்தான், எல்போவுக்கு உரியதையும் கழித்தான். கோடு கோணாதிருக்க இஞ்ச் டேப்பையே குழாயைச் சுற்றிக் கட்டி, அதன் விளிம்பில் சாக்பீஸ் ஓட்டினான். பின்பு ரம்பம் பாய்ந்தது. இரும்புத்தூள் குருதியெனச் சிதற, வியர்வை ஆறெனப் பெருக, களிற்றின் கொம்பை ஒடிக்கும் அரிமாவெனக் குழாயின்மேல் கவிழ்ந்து அவன் அறுத்த அறுப்பில், சிரித்த வாய்கள் தாமே மூடின. முக்கியமாக ஜாஹிதின் வாய். கழித்ததையே மறுபடி கழித்திருந்த அவனது குழாய் ஒரு விரல் குட்டையாக நின்றது, இழுத்தால் நீள அது ரிப் துணியும் அல்ல.

ஒரு மணிக்குச் சற்று முன்பாக முனீஸ் தன் குழாயை மீண்டும் தூக்கினான். ஜன்னல் கம்பியைப் பற்றி நாகஜோதி எட்டிப் பார்த்தாள். பம்பின் வாய் ஒரு முனையை ஏற்றது. தொட்டியின் வாய் மறுமுனையை ஏற்றது. எல்போக்கள் இரண்டும் தோற்ற மல்லர்களாய் அடங்கி அமர்ந்தன. ராஜவேல் மட்டம் வைத்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார், குறை ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்தார்.

“பாஸுங்க மாஸ்டர். ஆனா எங்க பிளாண்ட்ல தையலுக்கு உடாதீங்க, சாமி!”

இரும்பை வணக்கிய ஏந்தலே, எல்போக்களின் செருக்கறுத்த செம்மலே, இரவுப்படையிலிருந்து மீண்டு வந்த காவலனே, உன் வெற்றியைக் கொங்கு மண்டலத்துக் குழாய்கள் எல்லாம் நீராவி முழக்கிப் பாடட்டும், சாயநீரும் தெளிந்து உன் பாதம் கழுவட்டும், தறிகளும் ஓவர்லாக் மெஷின்களும் ஒரு கணம் நின்று உன்னை வணங்கட்டும்!

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள்.