அப்பாவின் உமிச்சாம்பல் சோல்

பேரன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. என் பள்ளிக் காலணிகள் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் மாமாவும் காலணிகள் உட்பட நலமாக இருக்க விரும்புகிறேன்.

அப்பா வேலை பார்க்கும் சோல் பட்டறையில் ரப்பருடன் கரித்தூளும் பெட்ரோலிய எண்ணெயும் கலப்பார்கள் அல்லவா? அந்தத் தூளால் அப்பாவுக்கு இருமல் நிற்கவேயில்லை. அதனால் கரித்தூளுக்குப் பதிலாக உமிச்சாம்பலிலிருந்து எடுத்த வெள்ளைக் குருணையையும் (அது பறக்காது), பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதிலாகச் சோயா எண்ணெயையும் சேர்த்துப் பார்க்கிறார். முதலாளி ஒரு மாதம் கெடு கொடுத்திருக்கிறார். தேறாவிட்டால் மறுபடியும் கரிதான். எந்தக் கலவையும் முதலில் வீட்டார் காலில் நடக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். ஆகவே நடப்பதும், நடந்ததை நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு.

முதல் ஜோடியில் எண்ணெய் அதிகமாகி, சோல் வியர்த்து, வகுப்பிலிருந்து ஆய்வுக்கூடம் வரை என் பாதச்சுவடு பதிந்தது, அறிவியல் டீச்சர் "ஏண்டி, எண்ணெய்ச் சட்டிக்குள்ள காலை விட்டுட்டா வந்தே?" என்றார், இரண்டாம் ஜோடியில் எண்ணெய் குறைந்து கல்லாகிவிட்டது, நூலகர் தலை நிமிராமலே "குதிரைய வெளிய கட்டிட்டு வாம்மா" என்றார், மூன்றாம் ஜோடியில் நான் பேச்சுப் போட்டிப் பரிசுக்கு மேடையேறியபோது இடது சோல் பிரிந்து எனக்கு முன்னால் போய் நின்றது. அம்மா பொரிந்து தள்ளினார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு நல்ல சோல் செய்றாராம், பெத்த பொண்ணு வெறுங்கால்ல நிக்குது!"

அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டது இவ்வளவுதான்: "முதல்ல எங்கம்மா பிரிஞ்சுது? குதிகாலா, விரல் பக்கமா?"

எல்லாவற்றையும் தேதியுடன் எழுதியிருக்கிறேன். நாளை நோட்டு முதலாளி கைக்குப் போகிறது. பொய் எழுத எனக்கு வரவில்லை அத்தை. உண்மையோ அப்பாவை மறுபடி கரிக்குள் தள்ளிவிடும். அக்கா நீங்கள் சொன்னால் அப்பா தட்டமாட்டார். வேறு வேலை பார்க்கச் சொல்லி உடனே எழுதுங்கள்.

மாமாவுக்கு வணக்கம், குட்டித் தம்பிக்கு முத்தங்கள்.

என்றும் உங்கள் அன்பு மருமகள்

பி.கு: அத்தை, தயவுசெய்து எதுவும் எழுத வேண்டாம்! தபாலில் சேர்ப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. நான்காம் ஜோடி பன்னிரண்டு நாளாக நன்றாக உழைக்கிறது என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதியிருந்தேன்; முதல் மூன்றைப் படித்ததுமே முதலாளி நோட்டை மூடிவிடுவார் என்றுதான் பயந்தேன். முதலாளி முழு நோட்டையும் படித்துவிட்டு, "மூணு தடவை அப்பன் மானத்தையே வாங்கின பொண்ணு, நாலாவது நல்லாருக்குன்னா நம்பலாம்யா. இனி இந்தக் கலவையே ஓடட்டும்" என்றாராம். இதைச் சொல்லி அப்பா வெகுநேரம் சிரித்தார். ஒருமுறைகூட இருமவில்லை. தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.